மேலே ஏற்றவா, துடைத்துப் போடவா?

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனிடம் வருகிறவர்கள் விதவிதமான பெட்டிகளைக் கொண்டுவருவார்கள். கேட்பது என்னவோ ஒரே கேள்விதான். ஓ.எஸ்., அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள், கெட்டுப்போச்சு, இருப்பதன் மேலேயே புதுப் பதிப்பை ஏற்றிவிடலாமா, இல்லை ஃபார்மேட் செய்து, அதாவது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, முதலிலிருந்து போட வேண்டுமா?

நீலத் திரையைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களும், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து மூன்று டீ குடித்தவர்களும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே ஏற்றினால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்; ஆனால் பழைய கோளாறும் கூடவே ஏறி வரலாம், பாதியில் நின்றும் போகலாம். துடைத்துப் போட்டால் சுத்தமாக ஓடும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் மாதிரியே இருக்காது, பக்கத்து வீட்டுக்காரருடையது மாதிரி இருக்கும்.

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் இருந்தார். நான் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வந்து, ஒரு ஆபீசில் அட்டெண்டராக இருந்தேன். அங்கே ஓரங்கட்டிய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் தொழில் படிந்தது. சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆடுகோடியில் கடை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யார் எதைக் கொண்டுவந்தாலும், மேலே ஏற்றுவதா துடைப்பதா என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

ஒன்றுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. கடையின் ஐந்தாவது தட்டில், "பார்க்க வேண்டும்" என்று நானே சீட்டு ஒட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. என் மனைவி சரளாவுடையது. அவள் இறந்துபோய் ஏழு வருடம் ஆகிறது. அவள் போன அடுத்த மாதம் அதை ஆன் செய்து பார்த்தேன், ஓ.எஸ். எழவில்லை, டிஸ்க்குக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்ட டிஸ்க் இன்னும் பத்து முறையும் ஓடலாம், அடுத்த முறையே நின்றும் போகலாம். உள்ளே அவள் என்ன வைத்திருந்தாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. மின்சாரத்தைப் பிடுங்கித் தட்டில் வைத்தவன்தான், அப்புறம் தொடவே இல்லை.

முப்பது பர்சன்ட்

வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். லேப்டாப்பை மூடாமல், விரித்த நிலையிலேயே, கோயில் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். விரலிடுக்கில் சார்ஜர் தொங்கியது. "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்று திரை சொன்னதாம். அணைக்கக் கூடாது என்றால் மூடவும் கூடாது என்று அவராக முடிவு செய்து, வழியெல்லாம் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். டிரைவரிடம் மேடு பள்ளம் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

முந்தின நாள் காலையிலிருந்தே அது முப்பது பர்சன்டிலேயே நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாதி பழசும் பாதி புதுசுமாக நின்றுவிட்ட ஓ.எஸ். மேல் இன்னொன்றை ஏற்ற முடியாது. ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டுத் துடைத்துப் போட வேண்டியதுதான் என்றேன். "இவ்ளோ நேரம் ஆகாம நிக்குதேன்னு உங்களுக்குச் சந்தேகமே வரலையா சார்?" என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மாரத்தஹள்ளியிலயும் முப்பது பர்சன்ட், சில்க் போர்டுலயும் முப்பது பர்சன்ட். ரோட்ல நாங்களும் அப்படியேதான் நின்னுட்டிருந்தோம். அதனால எனக்கு வித்தியாசமாத் தெரியல."

உள் ரூம்

இது நான் செய்த தப்பு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனேக்கலில் பத்திரம் எழுதும் முனிராஜு தன் கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நிலப் பத்திர வரைவுகள், பாகப்பிரிவினை எல்லாம் அதில்தான். ஓ.எஸ். தினமும் இரண்டு தடவை செத்துச் செத்துப் பிழைத்தது. துடைத்துப் போடுவதே நல்லது என்றேன். சரி என்றார். எல்லோரும் ஃபைல் வைக்கிற இடங்களை, அதாவது டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ஒன்றுவிடாமல் காப்பி எடுத்தேன். ஓ.எஸ். இருக்கிற ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டேன். அது கம்பெனிச் சரக்கு, அதில் மனிதர்கள் எதையும் வைப்பதில்லை.

முனிராஜு வைத்திருந்தார். ஒரு முறை அந்த ஃபோல்டரைத் திறக்கப் போனபோது, "இதில் கை வைக்காதீர்கள்" என்று எச்சரிக்கை வந்ததாம். அப்படியென்றால் இதைவிடப் பத்திரமான இடம் கம்ப்யூட்டரில் கிடையாது என்று நினைத்து, ஆறு வருடப் பத்திரங்களை அதற்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. துடைத்து, புதிதாகப் போட்டு, ஓட்டிக் காட்டியபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. மீட்டெடுக்கும் மென்பொருளை வைத்து மூன்று நாள் தோண்டியும் கால்வாசிதான் கிடைத்தது. மீதியை அவரிடமிருந்த காகிதப் பிரதிகளைப் பார்த்து நானே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். கன்னடத்தில் நான் வேகமாக அடிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அவர் சண்டை போடவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகும்போது சொன்னது மட்டும் இன்றுவரை காதில் இருக்கிறது: "நகைய யாராவது வாசல்ல வெப்பாங்களா சாமி? உள் ரூம்ல வெச்சேன். நீங்க வாசலெல்லாம் பெருக்கி எடுத்து வெச்சிட்டு, உள் ரூம இடிச்சிட்டீங்க."

திறந்து காட்டுங்கள்

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெட்டி கொஞ்சமாவது எழுந்தால், சொந்தக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, "தினமும் எதத் திறப்பீங்களோ, அத ஒரு தடவ என் எதிர்ல திறந்து காட்டுங்க" என்பேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கைக்குத் தெரியும். கை போகிற இடத்தை நான் குறித்துக்கொள்வேன்.

கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் தாஸ் ஐயாவுக்கு எண்பது வயது இருக்கும். அவர் மகன் போனிலேயே, "அப்கிரேட் பண்ணிடுங்க, காலம் மாறிடுச்சுன்னு அவருக்குப் புரியணும்" என்று சொல்லியிருந்தார். ஐயாவை உட்காரவைத்துத் திறந்து காட்டச் சொன்னேன். அவர் கை நேராக ஒரு மென்பொருளுக்குப் போனது. நான் பார்த்தே இராத ஒன்று. பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவதற்கானது. அதைப் போட்டுக் கொடுத்தவர் இல்லை, அந்த சி.டி.யும் இல்லை. துடைத்தால் அது போய்விடும். மேலே ஏற்றினால் புது ஓ.எஸ். அதை உள்ளே விடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓ.எஸ்.ஸில் கெட்டிருந்த இரண்டு மூன்று ஃபைல்களை மட்டும் மாற்றி, இன்டர்நெட் வயரைப் பிடுங்கி, "இது இப்படியே இருக்கட்டும் ஐயா. மெயில் பாக்கறதெல்லாம் போன்ல வெச்சுக்கங்க" என்றேன். ஏற்றுவதும் இல்லை, துடைப்பதும் இல்லை என்று மூன்றாவதாக ஒரு பதில் இருப்பதை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். என் வெள்ளைப் பெட்டிக்கும் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஐயாவின் பெட்டி ஓடியது.

மகன் என்ன சொல்வாரோ என்று கேட்டேன். தாஸ் ஐயா சட்டைப்பைக்கு மேலாக நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "தம்பி, இதுக்குள்ள டாக்டர் ஒரு மெஷின் வெச்சிருக்கார். புது மாடல் வந்திருக்குன்னு என் மகன் அதை ஒருநாளும் கழட்டச் சொன்னதில்ல."

லெவல்

பக்கத்துச் சந்தில் எம்பிராய்டரி பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர், டிசைன் கம்ப்யூட்டர் மெதுவாகப் போகிறது, மச்சான் அதில் ஏதேதோ கேம் ஏற்றி வைத்திருக்கிறான், சுத்தமாகத் துடைத்துவிடு என்று கொடுத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் மச்சான் வந்தார். நாற்பத்தைந்து வயது, தாடியில் நரை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, துடைக்காதீங்க, மேலயே ஏத்திடுங்க. ஜரா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். பட்டறையின் டிசைன்கள் இருந்தால் போதாதா என்று கேட்டேன். "டிசைன் போனா மாமா திருப்பி வரைவார். நாலு வருஷமா ஆடி வந்திருக்கேன், என் லெவல் போனா யாருண்ணா திருப்பி ஆடறது?"

நியாயம்

என் மகள் கவிதாவுக்கு வைட்ஃபீல்டில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். போன மாதம் வந்தபோது பையிலிருந்து ஒரு புது டிஸ்க்கை எடுத்து என் மேஜையில் வைத்தாள். ஐந்தாவது தட்டைக் காட்டினாள்.

"அம்மா சிஸ்டத்த இன்னிக்குப் பாத்துடலாம்பா."

ஓ.எஸ்.ஸின் மேலேயே ஏற்ற முடிந்தால், அவள் அம்மா வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் அதற்கு அந்த டிஸ்க் மணிக்கணக்காக ஓட வேண்டும், தாங்காது என்றேன். துடைத்துப் போடுவதென்றால் முதலில் காப்பி எடுக்க வேண்டும், எது முக்கியம் என்று தெரியாமல் எதை முதலில் எடுப்பது என்றேன். ஓடாமல் வைத்திருக்கும்வரை டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கேட்பதற்கு.

"ஓடாம வெச்சா ஒண்ணும் ஆகாதா? கஸ்டமர் ஒருத்தர் டிக் டிக்னு சத்தம் வருதுன்னு கொண்டுவந்தா நீ என்ன சொல்லுவ?"

"உடனே காப்பி எடுன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"எல்லாரையும் உக்காரவெச்சுத் திறந்து காட்டச் சொல்லுவேன்மா. இங்க யாரை உக்காரவெக்கறது?"

 அவள் தட்டிலிருந்து பெட்டியைத் தானே இறக்கினாள். ஏழு வருடத் தூசு அவள் சட்டையெல்லாம். சீட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒரு நியாயம், அம்மாவுக்கு மட்டும் 'பார்க்க வேண்டும்'னு ஒரு சீட்டா?"

விட்டுப்போன ஃபோல்டர்

டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினோம். சூடாகாமல் இருக்க, டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்து கவிதா பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை டிக் டிக் என்றது. மூன்றாம் முறை சுழன்றது. முதலில் போட்டோக்கள், பிறகு சரளாவின் பெயரில் இருந்த ஃபோல்டர் முழுவதும். மத்தியானம்வரை ஓடியது. ஏழெட்டு போட்டோ படிக்கவில்லை, மீதி வந்துவிட்டது. ஓ.எஸ். ஃபைல்களோ பாதிக்கு மேல் பாழ். மேலே ஏற்றுவதா என்ற பேச்சு அத்தோடு முடிந்தது; ஏற்றுவதற்குக் கீழே எதுவுமே மிஞ்சவில்லை. டிஸ்க்கை அணைத்தேன். புது டிஸ்க்கில் புதிதாகப் போட உட்கார்ந்தேன்.

கவிதா காப்பி எடுத்ததைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, கடைசியா எத எதத் திறந்தோம்னு சிஸ்டமே ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும் இல்ல? அது அம்மா ஃபோல்டர்லயே வந்திருக்கு."

எனக்கு இது தோன்றவில்லை. இத்தனை வருடம் கையைப் பார்த்துப் பழகியவன், கை போன தடத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பட்டியலின் தலையில், கடைசியாகத் திறந்தது என்று ஒரு ஃபைல்: "கேக்கணும்". அதைத் தட்டினால் திறக்கவில்லை. அது இருந்த இடம் டி டிரைவில், "ரிப்பேர்" என்ற ஃபோல்டர்.

அந்த ஃபோல்டர் நான் போட்டது. பிரிண்டர் சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ் என்று என் சரக்கை அடைத்து, கைபடுகிற எல்லாப் பெட்டியிலும் அப்படி ஒன்று போட்டு வைப்பேன். எங்கள் தொழிலில் எல்லோருமே செய்வதுதான். காப்பி எடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவேன். என் சரக்குதானே. முனிராஜுவுக்குப் பிறகு எதையும் விடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவன், இதை மட்டும் விட்டிருந்தேன். அவள் பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம் நான் அதைத் திறப்பேன் என்று நம்பி, அவள் அதில்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

மறுபடி மின்சாரம் கொடுத்தேன். டிக். டிக். ஒன்றுமில்லை. ஃபேனை இன்னும் பக்கத்தில் வைத்தோம். நான்காவது முறையும் இல்லை. கால் மணி நேரம் ஆறவிட்டு மறுபடி கொடுத்தபோது சுழன்றது. ஒரே ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தேன், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. டிஸ்க் நின்றது. அதன் பிறகு அது எழவே இல்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள், நாம் எல்லோரும் மெசேஜ் அனுப்புகிற மாதிரி. தேதி போட்டு, கேள்வி கேள்வியாக. கடைசி மூன்றை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"அப்டேட் வேணுமான்னு தினமும் கேக்குது. நான் தினமும் 'அப்புறம்' அமுக்கறேன். தப்பா?"

"ஃபார்மேட் பண்ணா போட்டோ போயிடும்னு சொல்றீங்க. அப்ப ஏன் எல்லாருக்கும் ஃபார்மேட் பண்றீங்க?"

"கடைல வர்றவங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லித் தர்றீங்க. வீட்ல நான் கேட்டா 'தள்ளு, நானே பாத்துக்கறேன்'ங்கறீங்க. அதனால இங்க எழுதி வெக்கறேன். பாத்தேன்னு சொல்ல வேணாம். பதில மட்டும் கீழ அடிச்சு வெச்சிடுங்க, நான் பாத்துக்கறேன்."

பதில்

புது டிஸ்க்கில் ஓ.எஸ்.ஸைப் போட்டு முடித்து, போட்டோக்களை வைத்து, டெஸ்க்டாப்பில் அந்த ஃபைலை மட்டும் வைத்தேன். கவிதா டீ வாங்கப் போனாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். மொத்தம் பதினாறு. பிரிண்டர் ஏன் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் அடிக்கிறது, கவிதா அனுப்பும் படம் எங்கே போய் இறங்குகிறது என்று கேட்டவை எல்லாம் கடையில் தினமும் சொல்கிற பதில்கள்தான், வேகமாக வந்தன. ஃபார்மேட் கேள்விக்கு, "எல்லாருக்கும் பண்றதில்ல, பண்ணாம இருக்க முடியுமான்னுதான் முதல்ல பாப்பேன்" என்று அடித்தேன். 'தள்ளு' என்பதற்குப் பதில் எழுத ரொம்ப நேரம் ஆனது. என்ன எழுதினேன் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

அப்டேட் கேள்விக்கு அடித்த பதிலை மட்டும், திரும்பி வந்த கவிதா தோள்மேல் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டாள்: "தப்பில்ல. நானும் ஏழு வருஷமா அதையேதான் அமுக்கிட்டிருந்தேன்." படித்துவிட்டு டீயை மேஜையில் வைத்து, "இதுக்குத்தான் சொல்றது, கஸ்டமர்னா உடனே பாக்கணும்" என்றாள்.

ஆடுகோடியில் மூன்று நிமிடத்தில் முடிவு சொல்கிற ரிப்பேர்காரன் யாரென்று யாராவது கேட்டால் என் கடையைக் காட்டலாம், ஆனால் நான் ஏழு வருடம் காக்கவைத்த என் வீட்டுக் கஸ்டமரைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் இருப்பது என் தொழிலுக்கு நல்லது.